ஏறலாமா, வேண்டாமா?

காலாண்டு விடுமுறைக்குக் குழந்தைகளை எங்கே அழைத்துப் போகலாம் என்று போன இதழில் நாலு வரி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஆத்தூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "எங்கள் வீட்டில் எல்லோரும் ரோலர் கோஸ்டர் உள்ள பூங்காவுக்குத்தான் போக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். மழைக்காலம் வேறு. என்னிடம் எட்டு மாதக் கைக்குழந்தை. நான் போகலாமா? போனால் எதில் ஏறலாம், எதில் ஏறக் கூடாது?"

மூன்று வரியில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் மனம் வரவில்லை. மே மாதக் கடைசியில் எங்கள் வீட்டிலேயே அப்படி ஒரு நாள் நடந்தது. அன்றைக்கு நான் ஒரு தப்புப் பண்ணினேன். என் மருமகளிடம் கேட்டு, அவள் "தாராளமா எழுதுங்க அத்தை" என்று சொன்ன பிறகுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

மே மாதத்தில் ஏற்காடு எப்படி இருக்கும் என்று வந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கோடை விழா, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, ஏரிக்கரை முழுக்க மிளகாய் பஜ்ஜி வாசனை, வரிசை வரிசையாய்க் கார்கள். ஊரெல்லாம் குளிர்ச்சி தேடி மேலே ஏறி வருகிறபோது, இங்கேயே குடியிருக்கிற எங்களுக்குப் பால் வாங்கப் போவதற்கே வழி கிடைக்காது. சென்னையிலிருந்து வந்திருந்த என் மகள் வயிற்றுப் பேரன், ஒன்பது வயது வாண்டு, ஏரியில் படகு விட்டான்; லேடீஸ் சீட்டில் நின்று ராத்திரியில் சேலத்து விளக்குகளைப் பார்த்தான்; பகோடா பாயின்ட்டும் பார்த்தான். நாலாம் நாள் காலையில் "போர் அடிக்குது பாட்டி, ரோலர் கோஸ்டர் எங்கே இருக்கு?" என்றான். மாமன்காரன், அதாவது என் மகன், "பெங்களூர்ப் பக்கம் போனா இருக்குடா, போவோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டான். எங்கள் வீட்டுக்காரர், "அந்தத் தலைகீழ் சமாசாரமெல்லாம் எனக்கு வேண்டாம், நான் நாய்க்குச் சோறு வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறேன்" என்று தப்பித்துக்கொண்டார். நான், மகன், மருமகள், பேரன் நாலு பேரும் விடியக் கருக்கலில் கிளம்பினோம்.

சரியாகச் சொன்னால் ரோலர் கோஸ்டர் எங்கள் வீட்டு வாசலிலேயே ஆரம்பமாகி விடுகிறது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்துக்குள் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பனி மூட்டம் வேறு. பேரன் மேலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே வந்தான். ஏழாவது வளைவில் மருமகள் "வண்டியை நிறுத்துங்க" என்றாள். இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

கல்யாணமாகி மூன்று வருஷமாக இந்தப் பாதையில் ஏறி இறங்குகிறவள். ஒரு நாளும் இப்படி ஆனதில்லை. நான் என்ன நினைத்தேன்? புறப்படுகிற அவசரத்தில் நான் சுட்டுப் போட்ட பூரியும் கிழங்கும்தான் காரணம் என்று நினைத்தேன். மலைப்பாதையில் இறங்குவதற்கு முன் எண்ணெய்ப் பலகாரம் கூடாது என்று இதே பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருக்கிறேன்! ஊருக்கு உபதேசம். கைப்பையில் எப்போதும் இருக்கும் அவோமின் மாத்திரையை எடுத்து, "ஒண்ணு போட்டுக்கம்மா, இன்னும் பதிமூணு வளைவு இருக்கு" என்று நீட்டினேன். "வேண்டாம் அத்தை" என்றாள். "பாதி போட்டுக்கோ." "வேண்டாம் அத்தை, சரியாயிடும்." சின்ன விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமா என்று எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. பாருங்கள், விடை என் கையிலேயே கிடைத்தது. அதைத் திரும்பப் பைக்குள் போட்டு ஜிப்பை மூடிவிட்டேன்.

இந்த மலைப்பாதைத் தலைசுற்றலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். ராட்டினத்துக்கும் இதேதான் பொருந்தும். நம் காதின் உட்புறத்தில் அரைவட்டமாக மூன்று மெல்லிய குழாய்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் திரவம். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் திரவம் அசைந்து மூளைக்குச் செய்தி சொல்லும். வண்டிக்குள் உட்கார்ந்து செல்போனையோ புத்தகத்தையோ பார்த்துக்கொண்டிருந்தால் கண் "நாம் அசையாமல் இருக்கிறோம்" என்கிறது. காது "சுற்றிச் சுழலுகிறோம்" என்கிறது. இரண்டுக்கும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். வண்டி ஓட்டுகிறவருக்கு இது வராது. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அதனால் தலைசுற்றல் உள்ளவரை முன் சீட்டில் உட்கார வைத்து, தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். வயிறு காலியாகவும் இருக்கக் கூடாது, நிறையவும் கூடாது. இரண்டு இட்லி போதும். இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். கர்ப்பிணிகளுக்கு இன்னும் அதிகம். மாத்திரை என்றால் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி வந்த பிறகு போட்டால் அதுவும் சேர்ந்து வெளியே வரும். தூக்கம் வரும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அவோமினைக் கொடுக்கவே கூடாது. கர்ப்பிணிகள் டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் தொடக் கூடாது.

கைக்குழந்தைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மலையில் ஏறும்போதும் இறங்கும்போதும் நமக்குக் காது அடைக்கிறது அல்லவா? குழந்தைக்கும் அடைக்கும், சொல்லத் தெரியாமல் வீறிடும். நடுவில் எங்காவது ஓரமாக நிறுத்திப் பால் கொடுங்கள். விழுங்க விழுங்க அடைப்பு விடும்.

தொப்பூர் கணவாய், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் தாண்டிப் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. வானம் ஈயம் பூசிய பாத்திரம் மாதிரி இருந்தது. சீட்டுக் கொடுக்கிற இடத்திலேயே, இடி மின்னல் வந்தால் பெரிய ராட்டினங்களை நிறுத்திவிடுவோம் என்று எழுதி வைத்திருந்தார்கள். "மழையெல்லாம் வராது பாட்டி" என்று பேரன் வானிலை அறிக்கை வாசித்தான்.

உள்ளே போனால் இரும்பாலான மலைப்பாதை! எங்கள் இருபது வளைவையும் பிடுங்கி ஆகாயத்தில் நட்டது போல. இதற்கு மூதாதை ரஷ்யாவில் குளிர்காலத்தில் மரச்சட்டம் கட்டி, அதன்மேல் பனிக்கட்டியை உறைய வைத்துச் சறுக்கி விளையாடிய மேடுகள்தானாம். அமெரிக்காவில் கோனி ஐலண்டு என்ற கடற்கரையில் 1884-ல் தாம்சன் என்பவர் ஒன்று கட்டினார். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகம்கூட முழுசாக இல்லை, நம் சைக்கிளைவிட மெதுவு. கட்டணம் ஐந்து சென்ட். அதற்கே ஜனங்கள் அலைமோதினார்களாம். நம் நாட்டில் டில்லியில் 1984-ல் திறந்த அப்பு கர் ரொம்பப் பேருக்கு ஞாபகம் இருக்கும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின் யானைக்குட்டி அப்புவின் பெயரை வைத்தார்கள். 2008-ல் அதை மூடிவிட்டார்கள். எண்பதுகளில் டில்லிக்குப் போய் வந்தவர்கள் செங்கோட்டையைப் பற்றிப் பேசியதைவிட அதைப் பற்றிப் பேசியதுதான் அதிகம்.

இந்த ரயிலுக்கு எஞ்சின் கிடையாது என்று எனக்கு மகன் சொல்லித்தான் தெரியும். முதல் ஏற்றத்துக்கு மட்டும் ஒரு சங்கிலி இழுத்துக்கொண்டு போகிறது. உச்சியில் விட்டுவிட்டால் அப்புறம் எல்லாம் சொந்தக் கனத்தில் ஓடுவதுதான். ஏறும்போது 'கடக் கடக்' என்று ஒரு சத்தம் கேட்கிறதே, பயப்படாதீர்கள். வண்டி பின்னால் சரிந்துவிடாமல் பல்லில் பல் மாட்டுகிற சத்தம் அது. சக்கரமும் மேலே மட்டும் இல்லை. பக்கவாட்டில் ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் ஒன்று என்று கவ்விக்கொண்டிருக்கிறது.

"சின்னதா ஒண்ணு இருக்கு பாட்டி, குழந்தைங்க வண்டி, வாங்க" என்று பேரன் கையைப் பிடித்து இழுத்தான். எனக்கு ஐம்பத்தெட்டு வயது. ரத்தக் கொதிப்பு இல்லை, கழுத்து வலி இல்லை. முட்டி மட்டும் அவ்வப்போது மக்கர் பண்ணும். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகி, மூக்குக் கண்ணாடியை மருமகளிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்துவிட்டேன். தூறல் ஆரம்பித்திருந்தது. வண்டி உச்சியிலிருந்து இறங்கியதும்தான் தெரிந்தது, தூறல் என்றால் என்னவென்று! கடுகு தாளிக்கும்போது வாணலியைக் குனிந்து பார்த்தால் எப்படித் தெறிக்கும், அப்படி முகம் பூராவும். மழையில் ஸ்கூட்டரில் போனவர்களுக்குத் தெரியும். துளி மெதுவாகத்தான் விழுகிறது, நாம்தான் வேகமாகப் போய் அதில் மோதுகிறோம். அபுதாபியில் 2010-ல் திறந்த ஒரு ரயில் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறதாம். அதில் ஏறுகிறவர்கள் எல்லோருக்கும் கண்ணுக்குக் கவசம் மாட்டித்தான் அனுப்புகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு ஒரு சுற்று வந்து இறங்கினேன். இறங்கியதும் என்ன பெருமை! என்னமோ இமயமலை ஏறின மாதிரி.

அந்தப் பெருமைதான் அனர்த்தத்துக்குக் காரணம்.

அடுத்தது பெரிய ரயில். தலைகீழாய்ச் சுற்றுகிறது. மகனும் பேரனும் வரிசையில் நின்றார்கள். மருமகள் "நீங்க போய்ட்டு வாங்க, நான் பையைப் பார்த்துக்கறேன்" என்று ஒதுங்கினாள். நான் சும்மா இருந்திருக்கக் கூடாதா? "என்னம்மா பயம்! ஐம்பத்தெட்டு வயசுக் கிழவி நானே ஏறி இறங்கிட்டேன். பையை நான் பார்த்துக்கறேன், போ" என்றேன். பேரன் "அத்தை பயந்தாங்கொள்ளி, அத்தை பயந்தாங்கொள்ளி" என்று பாட்டாகவே பாடினான். வரிசையில் முன்னால் நின்ற காலேஜ் பெண்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. பையை என்னிடம் கொடுத்துவிட்டு வரிசையில் போய் நின்றாள். நான் வெளியே கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டினேன். வரிசை நகர்ந்தது. அவர்களுக்கு முன்னால் இன்னும் ஏழெட்டுப் பேர்தான்.

அப்போதுதான் ஒரு மின்னல். பின்னாலேயே இடி. விசில் ஊதி வண்டியை நிறுத்தினார்கள். எல்லோரையும் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகைக்குள் அனுப்பினார்கள். ஜனங்கள் முணுமுணுத்தார்கள், காசு கொடுத்தவர்களுக்கு ஆற்றாமை இருக்கத்தானே செய்யும்! ஆனால் அது சரியான காரியம். அவ்வளவு உயரத்து இரும்புச் சட்டம் மின்னலுக்கு விருந்துக்கு அழைப்பு. தண்டவாளம் நனைந்தால் பிரேக்கின் பிடிப்பும் மாறும். காற்று வேகம் கூடினாலும் ஓட்ட மாட்டார்கள். மின்னலைப் பார்த்ததிலிருந்து இடி கேட்கும் வரை எண்ணிப் பாருங்கள். மூன்று எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் கட்டடத்துக்குள்ளோ, மூடிய காருக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும் வரை வெளியே வரக் கூடாது. ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் கோடை மழை வந்ததும் காப்பித் தோட்டத்து சில்வர் ஓக் மரத்தடியில் போய் ஒதுங்குவதைப் பார்த்து எத்தனை நாள் கத்தியிருக்கிறேன்!

மழை கொட்டியது. கொட்டகைத் தூணில் ஒரு பலகை. செய்வதற்கு ஒன்றும் இல்லாத பேரன் அதை ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்துக் கேள்வி கேட்க ஆரம்பித்தான். உயரம் இவ்வளவுக்குக் குறைவானவர்கள் ஏறக் கூடாது. "நான் தாண்டிட்டேன்." இதய நோய் உள்ளவர்கள். "தாத்தாவா?" கழுத்து, முதுகுத் தொந்தரவு உள்ளவர்கள். சமீபத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள். பிறகு, "பாட்டி, கர்ப்பிணிப் பெண்கள்னா யாரு?"

"வயித்துல பாப்பா இருக்கிறவங்கடா" என்று பதில் சொல்லிக்கொண்டே திரும்பினேன். மருமகள் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கிற பார்வையா அது! கண் அங்கே இல்லை. கை ஈரத் துப்பட்டாவைச் சுருட்டிச் சுருட்டி அடிவயிற்றோடு பிடித்திருந்தது.

ஏழாவது வளைவு. வேண்டாம் என்ற மாத்திரை. பைக்குக் காவல் இருக்கிறேன் என்றது. எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக வந்து நின்றன. அதோடு போன வருஷமும் வந்தது. போன வருஷம் தை மாதத்தில் அவளுக்கு இரண்டாம் மாதத்திலேயே கலைந்து போனது. அப்போது வந்து விசாரித்த சொந்தக்காரி ஒருத்தி, "ஸ்கூட்டரில் போனியாமே?" என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். பதில் சொல்லவில்லை. ஆரம்ப வாரங்களில் கலைவது பெரும்பாலும் கருவின் குரோமோசோம் கோளாறினால்தான், தாய் செய்த எதனாலும் இல்லை என்று டாக்டர் அழகாக எடுத்துச் சொன்னார். டாக்டர் சொன்னது காதோடு போயிற்று. அந்த ஸ்கூட்டர் அவள் மனதில் தங்கிவிட்டது. இந்தத் தடவை மூன்று மாதம் முடிகிற வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று அவள் நினைத்திருந்தால் அதில் என்ன ஆச்சரியம்?

கேட்டுவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. அவளாகச் சொல்லாததை, நூறு பேர் நிற்கிற கொட்டகையில் நான் பிடுங்குவதா?

முக்கால் மணி நேரம் கழித்து மழை விட்டு, வண்டியைக் காலியாக இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். மகன் "வா, வா" என்று அவளைப் பார்த்தான். நான் உடனே முட்டியைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தேன். "எனக்கு முட்டி பிடிச்சுக்கிட்டுதுடா. ஈரத்துல தனியா உட்கார முடியாது. அவ எனக்குத் துணையா இருக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றேன். பேரன் மறுபடி "பயந்தாங்கொள்ளி" என்று ஆரம்பித்தான். "ஆமாண்டா, நான்தான் பயந்தாங்கொள்ளி" என்றேன். மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "தேய்ச்சு விடட்டுமா அத்தை?" என்று முட்டியில் கை வைத்தாள். வலிக்காத முட்டியை அரை மணி நேரம் தேய்த்துவிட்டாள், பாவம்.

மகனுக்கு விஷயம் தெரியுமாம்! அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. "அவளே வரிசையில வந்து நின்னா, சரி பரவாயில்லை போலன்னு நெனச்சேன்" என்றான். இந்த ஆண்பிள்ளைகளுக்கு ஆண்டவன் வாயை எதற்குத்தான் வைத்தானோ!

பலகையில் கர்ப்பிணிகள் கூடாது என்று சும்மா எழுதி வைக்கவில்லை. திடீரென்று கிளம்புவது, திடீரென்று நிற்பது, பக்கவாட்டில் உலுக்குவது, இடுப்புக் கம்பி அடிவயிற்றை அழுத்துவது. இதெல்லாம் மாதம் ஏறியவர்களுக்கு நஞ்சு கர்ப்பப்பையிலிருந்து விலகக் காரணமாகிவிடக் கூடும். ஆரம்ப வாரங்களில் இவ்வளவு ஆபத்து என்று அளந்து சொல்ல யாராலும் முடியாது. கர்ப்பிணிகளை ஏற்றி யார் சோதனை பண்ணிப் பார்க்கப் போகிறார்கள்? அதனால்தான் எந்த மாதமானாலும் வேண்டாம் என்கிறார்கள். நாள் தள்ளிப் போயிருக்கிறது, இன்னும் பரிசோதனை செய்யவில்லை என்றாலும் இதே விதிதான். சிசேரியன் ஆனவர்கள், பிரசவமாகிச் சில மாதமே ஆனவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொண்டு ஏறுங்கள். ரத்தக் கொதிப்புக்காரர்களும் கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்களும் "ஒரு தடவைதானே" என்று ஆசைப்பட வேண்டாம்.

நான் சொல்ல வருவது இதுதான். இந்தப் பலகையை வரிசையில் நின்றுகொண்டு படிக்காதீர்கள். அங்கே பின்னால் நூறு பேர், முன்னால் கேலி செய்ய நாலு பேர். முந்தின நாள் ராத்திரி வீட்டில் இட்லி மாவு கரைக்கும்போதே, யார் ஏறுவது, யார் ஏறாமல் பைக்குக் காவல் இருப்பது என்று பேசி முடித்துவிடுங்கள். ஏறாதவர்களை ஏன் என்று கேட்கக் கூடாது என்பதையும் அப்போதே குழந்தைகளுக்குச் சொல்லி வையுங்கள். ஒரு பெண் "நான் வரலை" என்றால் அவளுக்கு மாதவிலக்காக இருக்கலாம், மூலத் தொந்தரவாக இருக்கலாம், வெறும் பயமாகவே இருக்கலாம். பயமும் ஒரு காரணம்தானே?

ஆத்தூர் சகோதரிக்கு இப்போது பதில். தாராளமாகப் போங்கள், ஆனால் எட்டு மாதக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு எந்த ராட்டினத்திலும் ஏறாதீர்கள். மெதுவாகச் சுற்றுகிறதே என்று நினைக்கவும் வேண்டாம். குழந்தைக்குத் தலை கனம், கழுத்து பலமில்லை. நீங்களும் கணவரும் முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ஏறினால் மற்றவர் குழந்தையோடு. "அவர் அஞ்சு, நான் பூஜ்யம்" என்று வந்து எழுதாதீர்கள், நான் கோபித்துக்கொள்வேன். வரிசையில் நேரம் போவதே தெரியாது, பால் கட்டிக்கொள்ளும். பால் கொடுக்கிற நேரத்தைக் கணக்குப் பண்ணி வரிசையில் நில்லுங்கள். மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போங்கள். குழந்தை நனைந்தால் தலையைவிட முக்கியம் உள்சட்டை. அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். எங்கள் பேரன் ஈரச் சட்டையோடு "குளிரலை, குளிரலை" என்று பல் தந்தியடிக்கச் சொல்லிக்கொண்டிருந்தான்.

உடுப்பும் கூந்தலும் முக்கியம். தொங்கும் துப்பட்டா, பறக்கும் தலைப்பு, அவிழ்ந்த பின்னல் மூன்றும் ஆகாது. 2020 பிப்ரவரியில் ஹரியானா பிஞ்சோரில் சின்னப் பந்தயக் கார் ஓட்டிய ஓர் இளம்பெண்ணின் கூந்தல் சக்கரத்தில் சிக்கி உயிரே போனது. கொண்டை போட்டு, தாலிக்கொடியை ரவிக்கைக்குள் பின் குத்திக்கொள்ளுங்கள். திருவிழாக்களில் நாலு நாளைக்கு நட்டுவைக்கிற ராட்டினங்களில் மழை பெய்து மண் இளகியிருக்கும்போது ஏறவே வேண்டாம். நிரந்தரமான பூங்காவில்கூடத் தவறு நேர்வது உண்டு. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியா ஏரிக்கரைப் பூங்காவில் ஊசல் ராட்டினம் முறிந்து விழுந்து இரண்டு பேர் இறந்தார்கள். பெல்ட் சரியாக மாட்டவில்லை என்று தோன்றினால் வெட்கப்படாமல் கையைத் தூக்கிக் கத்துங்கள்.

அன்று சாயங்காலம் திரும்பும்போதும் மழை விடவில்லை. ராத்திரியில் மழையோடு மலை ஏற வேண்டாம் என்று சேலத்தில் என் தங்கை வீட்டில் தங்கிவிட்டோம். மழைக் காலத்தில் எங்கள் பாதையை நம்ப முடியாது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றதை மறக்க முடியுமா? தங்கை சூடாக மிளகு ரசம் வைத்திருந்தாள். பேரன் ஒவ்வொரு வாய்க்கும் ஒரு தடவை தலைகீழாய்ச் சுற்றினான். தங்கை மருமகளைப் பார்த்து, "நீ எத்தனையில ஏறினேம்மா?" என்று கேட்டாள். "என் முட்டியோட மாட்டிக்கிட்டா" என்று நான் முந்திக்கொண்டேன்.

மறுநாள் காலையில் மேலே ஏறும்போது மருமகளை முன் சீட்டில் உட்கார வைத்தேன். பெல்ட்டின் கீழ்ப்பட்டை வயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்பின் மேல் படும்படி நானே இழுத்துவிட்டேன். மகனிடம் "மெதுவாப் போடா, எனக்கு முட்டி" என்றேன். அவன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான், ஒன்றும் பேசவில்லை. வளைவுக்கு வளைவு மெதுவாகத்தான் போனான். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரன் அடித்தே ஓய்ந்து போனார்.

மூன்று வாரம் கழித்து, ஸ்கேனில் இதயத் துடிப்புப் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம், அடுக்களையில் வந்து நின்று சொன்னாள். நான் அப்போதுதான் கேள்விப்படுகிற மாதிரி சர்க்கரை டப்பாவைத் தேடினேன். "போதும் அத்தை, முட்டி வலி அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்று சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அன்னைக்கு மழை வராட்டி நான் ஏறியிருப்பேன்" என்றாள்.

"ஏம்மா, தெரிஞ்சுமா?"

"எல்லாரும் பார்த்துக்கிட்டு இருந்தாங்களே அத்தை."

இப்போது ஆறாம் மாதம் நடக்கிறது. நேற்று இதைப் படிக்கக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தாள். ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: "நான் வாந்தி எடுத்தது ஏழாவது வளைவுல இல்லை அத்தை, ஒன்பதாவதுல. உங்க பேரனைக் கேளுங்க."